டிஃபி–ஹெல்மன் என்கிறோம், மெர்க்கல் எங்கே போனார்?

கேள்வி:
தேர்வுக்குக் குறியாக்கவியல் படித்துக்கொண்டிருக்கிறேன். டிஃபி–ஹெல்மன் சாவிப் பரிமாற்றத்துக்கு (செய்தியைப் பூட்டும் ரகசியச் சாவியை இருவர் திறந்த வெளியிலேயே உருவாக்கிக்கொள்ளும் முறை) 1977-ல் விண்ணப்பித்த காப்புரிமையில் ரால்ஃப் மெர்க்கல் பெயரும் இருக்கிறது. ஆனால் கணினித் துறையின் உயரிய பரிசான டூரிங் விருது 2015-ல் மற்ற இருவருக்கு மட்டும். இவர் அப்படி என்னதான் செய்தார்? ‘மெர்க்கல் புதிர்கள்’ பற்றி வாசித்தேன், தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

பதில் 1:
இந்தப் பாடத்தைச் சில வருடம் நடத்தியவன் நான். மாணவர் எழுதித் தரும் ப்ராஜெக்ட் யோசனையை ஒதுக்கக் கை போகும்போதெல்லாம் மெர்க்கல் ஞாபகம் வரும், இன்னொரு தடவை வாசிப்பேன்.

1974-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அவர் படித்த வகுப்பில் ப்ராஜெக்டுக்கு யோசனை கேட்டார்கள். முன்பின் ரகசியம் எதுவும் பேசி வைத்துக்கொள்ளாத இருவர், எல்லோரும் ஒட்டுக்கேட்கும் கம்பியிலேயே ஒரு ரகசியச் சாவியை உருவாக்க முடியும் என்று எழுதிக் கொடுத்தார். குழப்பமாக எழுதியிருக்கிறாய், மற்ற யோசனையை எடுத்துக்கொள் என்று பதில் வந்தது. மனிதர் வகுப்பை விட்டார், யோசனையை விடவில்லை.

புதிர் இதுதான். நான் 10 லட்சம் பூட்டிய பெட்டிகளை உனக்கு அனுப்புகிறேன். ஒவ்வொன்றிலும் ஒரு அடையாள எண், ஒரு சாவி. பூட்டு வேண்டுமென்றே சுமாரானது: 10 லட்சம் தடவை முயன்றால் திறந்துவிடும். நீ கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்து, மெனக்கெட்டுத் திறந்து, அதிலுள்ள எண்ணை மட்டும் எனக்குத் திறந்த வெளியில் சொல்கிறாய். என் பட்டியலைப் பார்த்தால் உன் சாவி எது என்று எனக்குத் தெரிந்துவிடும். ஒட்டுக்கேட்டவருக்கு அந்த எண் எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்று தெரியாது. வரிசையாக உடைக்க வேண்டியதுதான்.

கட்டுரையை 1975-ல் ஏசிஎம் என்ற கணினியியல் சங்கத்தின் இதழுக்கு அனுப்பினார். அச்சில் வந்தது 1978-ல். நடுவில் 1976-லேயே டிஃபியும் ஹெல்மனும் தங்கள் முறையை வெளியிட்டுவிட்டார்கள்.

பதில் 2:
சரி, ஆனால் கணக்குப் பாருங்கள். நமக்கு 10 லட்சம் வேலை, திருடனுக்கு அதிகபட்சம் 1 லட்சம் கோடி. நம் வேலையின் வெறும் வர்க்கம்தான். இன்றைய கணினிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. டிஃபி–ஹெல்மனில் நம் வேலைக்கும் திருடன் வேலைக்கும் உள்ள இடைவெளி இதைவிட எவ்வளவோ பெரியது. விருது சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது.

கேள்வி கேட்டவர்:
திருடன் முதல் பெட்டியிலேயே அதிர்ஷ்டவசமாக அதே எண்ணைக் கண்டுபிடித்துவிட்டால்?

பதில் 1:
கண்டுபிடிக்கலாம், 10 லட்சத்தில் ஒரு வாய்ப்பு. சராசரியாகப் பாதிப் பெட்டிகளை உடைத்தாக வேண்டும்.

பதில் 2 எழுதியவருக்கு: நடைமுறைக்கு உதவாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘இது முடியுமா’ என்று கேட்கவே ஆள் இல்லாத காலத்தில் முடியும் என்று காட்டியவர் அவர். ஹெல்மனே 2002-ல், பெயர் வைப்பதென்றால் மெர்க்கலையும் சேர்த்து வையுங்கள் என்று எழுதினார். அவரும் ஹெல்மனும் சேர்ந்து செய்த ‘நாப்சாக்’ என்ற குறியாக்க முறை உடைந்துபோனது வேறு கதை. உடைப்பவருக்கு 100 டாலர் என்று மெர்க்கல் அறிவித்திருந்தார், 1982-ல் ஷமீர் என்ற குறியாக்கவியலாளர் உடைத்தார், மெர்க்கல் பணம் கொடுத்தார்.

தேர்வில் ‘மெர்க்கல் மரம்’ (நிறையத் தரவு மாறாமல் இருக்கிறதா என்று ஒரே சிறு முத்திரையை வைத்துச் சரிபார்க்கும் அமைப்பு) கேட்பார்கள், அதை விட்டுவிடாதே. நிரல்களின் மாற்றங்களைச் சேமிக்கும் கிட் (Git), பிட்காயின் இரண்டுக்கும் அடியில் இருப்பது அந்த யோசனைதான்.