மொரிஷியஸ் கிரியோலை வைத்து ரீயூனியனில் சமாளிக்கலாமா?

ரோஸ்ஹில்காரன்:
வணக்கம். தீமிதிக்குக் குடும்பத்தோடு பக்கத்துத் தீவான ரீயூனியனில் செந்த்-ஆந்த்ரே ஊருக்குப் போகிறோம். அம்மாவும் சித்தியும் அங்கே கோயில் சமையலில் கைகொடுப்பார்கள். எங்களுக்குத் தெரிந்தது மொரிஷியஸ் கிரியோலும் (பிரெஞ்சிலிருந்து பிறந்த எங்கள் தீவு மொழி) கொஞ்சம் வீட்டுத் தமிழும்தான். எந்தெந்தச் சொல் மாறும்? வாய்தவறி யாரையும் நோகடித்துவிடக் கூடாது, அதுதான் பயம்.

செந்த்-ஆந்த்ரே வாசி:
நோகடிக்கிற விஷயத்தையே முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊரில் 'மல்பார்' என்றால் வசை. இங்கே அது நாங்களே எங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர். இங்கே கரும்புத் தோட்டங்களுக்கு வந்த இந்தியர்களில் பெரும்பாலோர் பாண்டிச்சேரி, காரைக்கால் பக்கமிருந்து கப்பலேறிய தமிழர்கள். அதனால் மல்பார் என்றால் தமிழ் வம்சாவளி என்றே ஆகிவிட்டது. மொரிஷியஸில் 1834 முதல் வந்தவர்களில் கல்கத்தா வழி வந்த போஜ்புரிக்காரர்களே அதிகம். அங்கே அந்தச் சொல் இந்துக்கள் எல்லோர் மேலும் ஏளனமாக ஒட்டிக்கொண்டது. ஆகவே இங்கே யாராவது அப்படிச் சொன்னால் முகத்தைச் சுளிக்காதீர்கள்.

அடுத்து 'நீ', 'நீங்கள்'. உங்களுக்குத் 'தோ' நீ, 'ஊ' நீங்கள். இங்கே பழகியவர்களுக்குள்ளேயே 'ஊ'தான், மரியாதைக்கு 'வூ'. 'த்வே' (நீ) என்றால் அதட்டுவதுபோல் இருக்கும். உங்கள் 'தோ'வை விமானத்திலேயே விட்டுவிட்டு இறங்குங்கள். உங்கள் 'கி மான்யேர்?' (எப்படி இருக்கிறீர்கள்?) என்பதற்கு இங்கே 'கொமான் இ லே?', பதிலுக்கு 'லே லா' போதும்.

அடுப்படி அக்கா:
தம்பி, அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். சந்தையில் கறிவேப்பிலையைக் 'கறிபூலே' என்று கேட்டால் விழிப்பார்கள். அங்கே அது 'கலுபிலே'. முருங்கைக்கீரை நமக்கு 'ப்ரேத் முரூம்', அவர்களுக்கு 'ப்ரேத் முரூங்'. கோத்தோமிலியும் பிப்பங்காயும் (நம் பீர்க்கங்காய்தான்) இரண்டு தீவிலும் ஒன்றே, கவலை வேண்டாம். 'சாஃப்ரான்' என்றால் இரண்டு இடத்திலும் மஞ்சள், குங்குமப்பூ இல்லை.

பெரிய குழப்பம் 'கறி'யில். நம் வீட்டில் கறி என்றால் மசாலா போட்டது. ரீயூனியனில் 'கறி பூலே' (இங்கே பூலே என்றால் கோழி) கேட்டால் வெங்காயம், பூண்டு, இஞ்சி, தக்காளி, மஞ்சள், தைம் இலை போட்ட கோழி வரும். மசாலா வாசனையே இருக்காது. மசாலா வேண்டுமென்றால் 'மசாலே' என்று கேட்க வேண்டும். 'ருகாய்' இன்னொரு வம்பு. நமக்கு அது அடுப்பில் வெந்த தக்காளிக் குழம்பு, அவர்களுக்குப் பச்சையாக இடித்துச் சோற்றோரம் வைக்கும் காரம், நாம் 'சத்தினி' என்கிறோமே அது.

நம் 'காத்தோ பிமா' (மிளகாய் வடை) அங்கே 'போம்போன் பிமான்'. பருப்பும் வேறு. நாம் 'தால்' ஊறவைத்து அரைப்போம். அவர்கள் 'புவா த்யூ காப்' என்ற பெரிய வெள்ளைப் பயறை முந்தின இரவே ஊறப்போட்டு, தோலை ஒவ்வொன்றாக உரித்து அரைப்பார்கள். தோலோடு அரைத்தால் வடை திப்பிதிப்பியாகிவிடும். அரைக்கும்போது தண்ணீர் ஊற்றினால் எண்ணெயில் பிரிந்துபோகும். உரிக்கிற வேலையை உங்கள் சித்திக்குத்தான் கொடுப்பார்கள், பாருங்கள்.

பூசாரி வீட்டுப் பிள்ளை:
கோயில் பக்கம் ஒரு சூட்சுமம்: நம் சொல்லில் ரகரம் இருந்தால் அங்கே லகரமோ 'ர்ல்'லோ இருக்கிறதா என்று பாருங்கள். மாரியம்மன் 'மார்லியெமென்', சாம்பிராணி 'சம்ப்ளானி'. 'நார்ல்கோன்' நாடகம்தான், டகரமும் அப்படியே 'ர்ல்' ஆகிவிட்டது. கடைசி 'அம்' பிரெஞ்சு மூக்கொலியாகி 'ஓன்' ஆகும். நம் 'ராஸோன்' (ரசம்), போர்ட் லூயியின் 'கைலாஸோன்' கோயில் எல்லாம் இதே கணக்கு. மதுரைவீரன் 'மார்தெவிரென்'. தீமிதித் திருவிழா அங்கே 'பாண்டியாலே', பாஞ்சாலியின் பெயரால்.

'சம்ப்ளானிக்கு வாங்க' என்று கூப்பிட்டால் வெறும் தூபம் என்று நினைத்துவிடாதீர்கள். அது செத்துப்போன பெரியவர்களுக்குப் படையல். அவர்கள் விரும்பியது எதுவோ அது இலையில் இருக்கும், ரம் உட்பட.

ரோஸ்ஹில்காரன்:
அப்படியானால் பாண்டியாலேக்கு விரதம் இருப்பவர்கள் அந்த வீட்டில் சாப்பிடலாமா?

பூசாரி வீட்டுப் பிள்ளை:
காப்புக் கட்டியிருந்தால் போகவே வேண்டாம். 'மி லே ஆன் கரெம்' (நான் விரதத்தில் இருக்கிறேன்) என்று சொல்லுங்கள், யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

செந்த்-ஆந்த்ரே வாசி:
அக்கா சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம்: 'ருகாய் சோசிஸ்' மட்டும் இங்கேயும் வேகவைத்ததுதான். பன்றி இறைச்சித் தொத்திறைச்சி, பார்த்துக் கேளுங்கள்.