பீர்க்கங்கொடி பற்றி எங்கள் குடும்பக் குழுவில்

கயல் (காலை 7.12): பெரியம்மா, சித்திரையில் நீங்கள் கொடுத்த பீர்க்கு விதைகளை மொட்டைமாடியில் பைகளில் ஊன்றியிருந்தேன். கொடி பந்தலை நிறைத்துவிட்டது. ஆனால் நாள்தோறும் பூத்து உதிர்கிறதே தவிர, ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை. கடையில் எளிதாகக் கிடைக்கும் காய்க்காக இவ்வளவு தண்ணீரும் நேரமும் தேவையா என்று அப்பா கேட்கிறார்.

பெரியம்மா (காலை 7.40): கயல், கொடிக்கு ஒரு குறையும் இல்லை. பீர்க்கில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே வரும். ஆண் பூக்கள்தாம் முதலில் கொத்துக் கொத்தாக வந்து உதிரும். வெயிலும் பகல் நீளமும் மிகுந்த இந்த ஆனி மாதத்தில் அவை இன்னும் கூடுதலாகவே இருக்கும். அடியில் சிறு பிஞ்சைத் தாங்கிக்கொண்டு தனியாக வருவதே பெண் பூ. பீர்க்கு மாலையில் மலர்வது என்பதால், ஐந்தரை மணிக்கு மேல் மாடிக்குப் போய், அப்போது விரிந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களை நீக்கிவிட்டு, அதன் மகரந்தம் பெண் பூவின் நடுவில் படும்படி மெல்லத் தொட்டுவிடு.

சித்தப்பா (காலை 8.05): அண்ணி சொல்வது சரி. பாகல் விடியலில் மலரும், பீர்க்கு மாலையில் மலரும், புடலை பொழுது சாய்ந்த பிறகு மலரும். தலைவியின் பசலைக்குச் சங்கப் புலவர்கள் பீர்க்கம்பூவை உவமை சொன்னதைக் கல்லூரியிலேயே படித்திருந்தேன். ஆனாலும் என் வேலியில் கொடி படர்ந்த பிறகுதான் அந்த மஞ்சள் எவ்வளவு வெளிறியது என்று விளங்கியது.

கயல் (மாலை 6.25): மாடியில்தான் இருக்கிறோம். பந்தல் முழுவதும் பூ விரிந்திருக்கிறது. பெண் பூக்களை அடையாளம் கண்டு தொட்டுவிட்டேன். ஆண் பூக்களைப் பறித்துத் தந்தவர் அப்பாதான்.

பெரியம்மா (மாலை 7.02): மிக்க மகிழ்ச்சி. சூல் பிடித்திருந்தால் சில நாட்களில் பிஞ்சு பருக்கத் தொடங்கும். நரம்பு முற்றும் முன்பே பறித்துவிடு. அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். விலையை மட்டும் பார்த்தால் கடைக்காயே மலிவாக இருக்கலாம். ஆனால் பறித்த கையோடு நறுக்கும் காயில் இருக்கும் நீரும் இனிப்பும், பல மணி நேரம் மூட்டையில் கிடந்து வந்த காயில் இருப்பதில்லை. நாம் மருந்து தெளிக்காத காய் என்பதால் தோலைத் தயக்கமின்றித் துவையலாக அரைக்கலாம். நல்ல காய் ஒன்றைக் கொடியிலேயே முற்றிக் காயவிட்டால், அடுத்த பட்டத்துக்கு விதையும் குளிக்க நாரும் கிடைக்கும். இவை எல்லாவற்றையும்விட, ஒவ்வொரு செடியும் தனக்கென்று வைத்திருக்கும் காலத்தை அருகிலிருந்து பார்ப்பதையே நான் பெரிதாக நினைக்கிறேன். ஆடியில் ஊன்றும் நாட்டுப் பந்தல் அவரை, மாதக்கணக்கில் வெறும் இலையாகவே படர்ந்து, பகல் குறுகிய பிறகே பூவெடுத்து, மார்கழியிலும் தையிலும் கொத்தாகக் காய்க்கும். பொங்கல் கூட்டுக்கு நம் வீட்டு அவரையைப் போடும் மகிழ்ச்சியை எனக்கு எந்தக் கடையும் தந்ததில்லை.

கயல் (மாலை 7.15): அப்படியானால் எனக்கும் அவரை விதை வேண்டும், பெரியம்மா.

சித்தப்பா (மாலை 7.31): அண்ணியிடம் வாங்கிக்கொண்டு, ஆடி பிறந்ததும் நானே கொண்டு வருகிறேன். கயல், அதற்குள் பந்தல் கம்பிகளை இன்னும் இறுக்கிக் கட்டிவை. ஐப்பசி, கார்த்திகை மழைக்காற்றில் அந்தக் கொடியை அதுதான் தாங்க வேண்டும்.