லாரியில் ஆப்பிரிக்கா: கூடாரத்துக்கு வெளியே வந்தவர்கள்

ஊர் திரும்பியதும் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: சிங்கம் பார்த்தீர்களா? பார்த்தோம். தான்சானியாவின் செரெங்கெட்டி தேசியப் பூங்காவில் ஒரு மரத்தடியில் சிங்கங்கள் உறங்க, சுற்றிலும் ஜீப்புகள் வரிசைகட்டி நின்றன. படம் எடுத்தோம், நகர்ந்தோம். அதைப் பற்றி எழுத என்னிடம் அதற்கு மேல் ஒன்றுமில்லை. நாடுவிட்டு நாடு லாரியில் போகிற பயணத்தில் விலங்கோடு நிஜமாக நேருக்கு நேர் நிற்பது முகாமில்தான். வண்டிக்குள் இருந்து பார்ப்பதெல்லாம் வேடிக்கை.

நாங்கள் நைரோபியில் ஏறினோம். நமாங்கா எல்லை தாண்டி தான்சானியா, மலாவி, சாம்பியா வழியாகப் போட்ஸ்வானா வரை. வண்டி என்பது லாரியின் மேல் கட்டிய பஸ். ஜன்னலுக்குக் கீழே உள்ள பெட்டிகளில் கூடாரம், அடுப்பு, அண்டா எல்லாம் அடங்கிவிடும். சமையல், பாத்திரம், வண்டி பெருக்குதல் என்று முறைவைத்து வேலை. பாத்திரத்துக்கு மூன்று வாளி: சோப்பு நீர், நல்ல நீர், கிருமிநாசினி. துடைக்கத் துணி கிடையாது, துணியால் வயிற்றுப்போக்கு பரவும் என்பதால். ஆளுக்கு இரண்டு தட்டைக் கையில் பிடித்துக் காற்றில் வீசி உலர்த்த வேண்டும். மலாவி ஏரிக்கரையில் நாங்கள் இப்படிக் கைவீசிக்கொண்டிருந்தபோது, வேலிக்கு அப்பால் நின்ற சிறுவர்கள் வெறுங்கையோடு அதே போல வீசிக் காட்டினார்கள். சிரித்துச் சிரித்து ஒரு தட்டு கீழே விழுந்தது.

சாம்பியாவில் தெற்கு லுவாங்வா தேசியப் பூங்கா. முகாம் ஆற்றங்கரையில், வேலி கிடையாது. மாலையில் காவலர் வந்து இரண்டே விதிகள் சொன்னார். கூடாரத்துக்குள் பழம் வைக்கக் கூடாது, யானை மோப்பம் பிடித்து வந்துவிடும். இருட்டிய பின் தனியாக நடக்கக் கூடாது. கழிப்பறைக்குப் போக வேண்டுமானால் டார்ச் அடித்துக் காவலரைக் கூப்பிட வேண்டும்.

நள்ளிரவில் புல்லைப் பிய்க்கும் சத்தம் கேட்டு விழித்தேன். பிய்த்தல், மெல்லுதல், ஒரு பெருமூச்சு, மறுபடி பிய்த்தல். வலைஜன்னல் வழியே பார்த்தால் நிலவொளியில் ஒரு முதுகு மட்டும் தெரிந்தது. நீர்யானை. பகலெல்லாம் ஆற்றில் ஊறிக் கிடந்துவிட்டு இரவில்தான் அது மேய வருகிறது. ஒரே இரவில் சுமார் 40 கிலோ புல் தின்னும். மூடிய கூடாரத்தை அது பொருட்படுத்துவதில்லை. ஆபத்து எப்போதென்றால், அதற்கும் ஆற்றுக்கும் நடுவில் நாம் போய் நிற்கும்போது. இது தெரிந்திருந்தும், அதன் வாயும் என் தலையும் ஒரு துணியின் இரு பக்கங்களில் இருந்தபோது அறிவு பெரிதாக உதவவில்லை. பக்கத்துக் கூடாரத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த ஜெர்மன் பெரியவர் மேல் எனக்கு வந்த பொறாமை கொஞ்சநஞ்சமல்ல.

காலையில் துப்பாக்கி ஏந்திய காவலர் முன்னே நடக்க, ஒற்றை வரிசையில் காட்டுக்குள் நடந்தோம். நடைப்பயண சஃபாரி என்ற வழக்கமே 1950களில் இந்த லுவாங்வா ஆற்றுப் பள்ளத்தாக்கில் நார்மன் கார் என்ற வனக்காவலர் தொடங்கியதுதான். யானையைத் தொலைவில்தான் கண்டோம். ஆனால் சாணத்தைக் காலால் புரட்டி, அது எப்போது போனது என்று அவர் சொன்ன அந்த அரைமணி நேரம், ஜீப்பில் கழிந்த நாள்களைவிட எனக்கு மேல்.

சாப்பாடு பற்றிக் கேட்டவர்களுக்கு: தான்சானியாவில் உகாலி, சாம்பியாவில் ந்ஷிமா என்று பெயர், இரண்டும் மக்காச்சோளக் களிதான். கேழ்வரகுக் களி தின்று வளர்ந்தவர்களுக்குக் கவலையே இல்லை.

மறுமொழி, கோவையிலிருந்து:

உங்களுக்கு நீர்யானை, எங்களுக்கு யானை. தான்சானியாவில் ங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்தின் விளிம்பில் உள்ள சிம்பா முகாம், சுமார் 2,300 மீட்டர் உயரம். குளிரில் பல் கிட்டித்துப் போகும். அங்குள்ள தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு ஆண் யானை வந்து துதிக்கையை விட்டு உறிஞ்சியது. எங்கள் சமையல்காரர் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவே இல்லை. "தினமும் வருபவர்தான்" என்றார். இன்னொன்று: நீலச் சட்டை, கறுப்புச் சட்டை வேண்டாம். ரத்தம் உறிஞ்சும் செட்சி ஈக்கு அந்த நிறங்கள் என்றால் உயிர். அதைப் பிடிக்க மரத்தில் தொங்கவிடும் பொறித்துணியே நீலமும் கறுப்பும்தான். சட்டைக்கு மேலேயே குத்தும். என் தம்பி நீல ஜீன்ஸில் போனான், பட்டது போதும் என்றான்.

மறுமொழி, சென்னையிலிருந்து:

அண்ணா, அடுத்த ஆண்டு நாங்களும் இதே வழியில் போகலாம் என்றிருக்கிறோம். எந்த மாதம் நல்லது? எல்லைகளில் அலைச்சல் அதிகமா?

முதலில் எழுதியவர்:

ஜூன் முதல் அக்டோபர் வரை போங்கள், தம்பி. மழைக்காலத்தில் லுவாங்வாவின் மண் சாலைகள் பல மூடிவிடும். எல்லையில் பொறுமை வேண்டும். சாம்பியா-போட்ஸ்வானா எல்லையான கசுங்குலாவில் மட்டும் இப்போது எளிது. முன்பு சாம்பெசி ஆற்றைப் படகில் தாண்ட லாரிகள் நாள்கணக்கில் காத்துக் கிடந்தன. 2021-இல் 923 மீட்டர் பாலம் திறந்துவிட்டார்கள். பிளாஸ்டிக் பை எதுவும் எடுத்துப் போகாதீர்கள். கென்யாவிலும் தான்சானியாவிலும் தடை, நுழையும்போதே பிடுங்கிக்கொள்வார்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டு அட்டை வாங்குங்கள். கென்யாவிலிருந்து திரும்பும்போது நம் விமான நிலையத்தில் கேட்பார்கள். ஜூலை இரவுகள் குளிரும், நல்ல தடிமனான தூக்கப்பையாக எடுத்துக்கொள்ளுங்கள்.