கோபியில மீன் கடை: கடலுக்குக் கேடில்லாத மீனை மட்டும் வித்தா கட்டுப்படியாகுமா?

பாரியூர் வாய்க்கால்:
கோபிச்செட்டிபாளையத்துல சின்னதா ஒரு மீன் கடை போடறோமுங்க. ஞாயித்துக்கிழமைக்கு 60 கிலோ, மத்த நாளுக்கு 15 கிலோன்னு கணக்கு. குஞ்சு மீனும் தடையை மீறிப் புடிச்ச மீனும் வேண்டாம்னு முடிவு. ஆனா நம்ம பக்கம் வஞ்சிரம், பாறை மீனைத் தாண்டி யாரும் கேக்கறதில்லை. எதைப் பாத்து வாங்கோணும்? தடைக்காலத்துல எதை விக்கறது?

உக்கடம் தராசு:
ஏஜென்ட்கிட்ட மூணு கேள்வி கேளுங்க: எந்தக் கரை, எந்த வலை, என்னைக்குக் கரை ஏறுச்சு. பதில் வராத பெட்டியைத் தொடாதீங்க. தூண்டில் மீனும் நாட்டுப்படகு வலை மீனும் வந்தா அதுக்கு முதலிடம். சுருக்குமடி (மீன் கூட்டத்தையே வளைச்சுச் சுருக்கற வலை), இரட்டைமடி (ரெண்டு படகு சேந்து இழுக்கற வலை) ரெண்டும் நம்ம மாநிலத்துல தடை செஞ்ச முறைங்க.

அளவுக்கு ஒரு அடி ஸ்கேல் போதும். கேரளத்துல சட்டப்படி மத்தி 10 செ.மீ., அயிலை 14 செ.மீ.க்குக் கீழ புடிக்கக் கூடாது. தமிழ்நாட்டுக் கரையில இருந்து வந்தாலும் அதே கணக்கை வெச்சுக்குங்க. ஆனா சின்னதெல்லாம் குஞ்சு இல்லை. நெத்திலி வளந்தாலே அவ்வளவுதான், தாராளமா விக்கலாம். முட்டையோட இருக்கற சினை நண்டை மட்டும் திருப்பி அனுப்பிடுங்க.

தடைக்காலம் ரெண்டு கரைக்கும் ஒண்ணா வர்றதில்லை, அதுதான் நமக்குச் சௌகரியம். கிழக்குக் கரையில விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். கேரளத்துல ட்ராலிங் (விசைப்படகுல வலையை இழுத்துட்டுப் போய் புடிக்கறது) தடை ஜூன் 9 நள்ளிரவுல ஆரம்பிச்சு ஜூலை 31 வரை 52 நாள். அதனால ஏப்ரல், மே மாசம் கேரளத்துப் பொன்னானி, முனம்பம் துறைமுகத்துப் பக்கம் வாங்குங்க. ஜூன் 15ல இருந்து தூத்துக்குடி. நடுவுல அஞ்சு நாள் ரெண்டு பக்கமும் ட்ராலர் கிடையாது, அப்ப நாட்டுப்படகு மீனும் டேம் மீனும்தான். மே மாசம் 'தூத்துக்குடி விசைப்படகு மீன், நேத்துப் புடிச்சது'ன்னு ஒருத்தர் சொன்னா அது ஐஸ்ல கெடந்த பழைய சரக்கு, இல்லைன்னா திருட்டுச் சரக்கு.

ஐஸ்பார்:
மீன் நல்லதா இருந்தும் கடை படுக்கறது ஐஸ்லதான். எடைக்கு எடை, ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ நொறுக்குன ஐஸ். அடியில ஐஸ், மேல மீன், மறுபடி ஐஸ். பெட்டிக்கு அடியில ஓட்டை இருக்கோணும். உருகுன தண்ணியில மீன் ஊறுனா சதை தொளதொளத்துடும். பெரிய கட்டியா போட்டா முனை குத்திச் சதை கன்னிப்போகும். கணவாயை மட்டும் பாலிதீன் பையில போட்டு ஐஸ்ல வைங்க, நேரா பட்டா நிறம் மாறிடும்.

சூரை, அயிலை, மத்தி மூணும் சூடு கண்டா ஹிஸ்டமின்ங்கற ஒவ்வாமைப் பொருள் ஏறும். கொதிக்க வெச்சாலும் அது போகாது. வாய் அரிப்பு, முகம் செவக்கறதெல்லாம் அதனாலதான். குத்திப் பாக்கற தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கி முள்ளோரமா வெச்சுப் பாருங்க, 4 டிகிரிக்கு மேல காட்டக் கூடாது.

அணைக்கரை:
பவானிசாகர் பக்கத்துல இருக்கறப்ப கடலை மட்டும் ஏன் நம்போணும்? அங்கே மீன்வளர்ச்சிக் கழகம் குஞ்சு விட்டு வளர்க்கற கட்லா, ரோகு, மிர்கால்தான் பெரும்பாலும். விட்ட மீனைத்தான் புடிக்கறாங்க, அதனால கடலுக்குச் சுமை இல்லை. சண்டைக்கு வர்றது ரெண்டு விஷயம்: சேத்து வாசமும் முள்ளும்.

வயித்துக்குள்ள இருக்கற கருப்புத் தோலைச் சுரண்டி எடுத்து, மோரு இல்லைன்னா புளித் தண்ணியில கால் மணி நேரம் ஊற வெச்சா வாசம் வெகுவா குறையும். இதைச் சீட்டுல அடிச்சு மீனோடயே குடுங்க. ரோகுத் துண்டுல தோல் பக்கமா 3 மி.மீ. இடைவெளியில கீறி விட்டா பொடிமுள் வறுவல்ல நொறுங்கிப்போகும். சின்னப் புள்ளைக இருக்கற வீட்டுக்கு 3 கிலோவுக்கு மேல இருக்கற கட்லாவா பாத்துக் குடுங்க. முள் பெருசு, கண்ணுக்குத் தெரியும்.

ஆப்பிரிக்கக் கெளுத்தி மலிவா வரும், எடுக்காதீங்க. அதை வளர்க்கறதே தடை.

பாரியூர் வாய்க்கால்:
நன்றிங்க. விலை எப்படிப் போடறது? புரட்டாசியில கடையைச் சாத்தறதா?

உக்கடம் தராசு:
முழு மீன் விலையில கணக்குப் போட்டா கையைக் கடிக்கும். கிலோ 200க்கு வாங்கி, தலை, குடல் போக 60 சதம் தேறுச்சுன்னா அடக்கமே 333. ஐஸ், வண்டி வாடகை, வெட்டுக்கூலி அதுக்கு மேல. எந்த மீனுக்கு எவ்வளவு தேறுதுன்னு முதல் மாசம் முழுக்க எடை போட்டு எழுதி வைங்க.

போர்டுல 'இயற்கை', 'பசுமை'ன்னு எழுதாதீங்க, யாரும் நம்ப மாட்டாங்க. 'அயிலை, பொன்னானி, நேத்து ராத்திரி' இவ்வளவு போதும். வஞ்சிரம் இல்லாத அன்னைக்கு 'இன்னைக்கு இல்லை'ன்னு எழுதிட்டு, அதே குழம்புக்கு ஆகற மீனைப் பக்கத்துல வைங்க.

புரட்டாசியில சாத்த வேண்டாமுங்க. சனிக்கிழமை சரக்கே எடுக்காம, மத்த நாள் முன்கூட்டிச் சொன்னவங்களுக்கு மட்டும் எடுத்துக் குடுங்க. ஃப்ரீசர்ல தேக்கி வெச்சு ஐப்பசியில புதுசுன்னு வித்தா அதோட முடிஞ்சுது.

அணைக்கரை:
கழிவைக் குப்பையில கொட்டிராதீங்க. கழிவும் நாட்டுச்சர்க்கரையும் சம எடை போட்டு, காத்துப் புகாம மூடி, 21 நாளாவது நிழல்ல வெச்சா மீன் அமிலம்ங்கற பயிர் ஊட்டம் ஆயிடும். டிரம்மை முக்காலுக்கு மேல நிரப்பிராதீங்க, பொங்கும். தென்னந்தோப்புக்காரங்களே வந்து வாங்கிட்டுப் போவாங்க.