தாத்தா தெவசத்துக்கு என்ன எழுதறது

நான்: எல்லாருக்கும் காலை வணக்கம். தாத்தாவோட முதல் தெவசத்துக்கு பிளக்ஸ்காரர் மேட்டர் கேக்கறாரு. போட்டோ குடுத்தாச்சு. "நிறைவாழ்வு வாழ்ந்து இறைவனடி சேர்ந்த"ன்னு ஒரு மாடல் அனுப்பியிருக்காரு, அதையே போட்டுடலாமா?

சின்ன அத்தை (பாண்டி): வேணாம்பா. அது ஊர்ல எல்லா பிளக்ஸ்லயும் இருக்கு. எங்க அப்பாவ பத்தி அதுல ஒண்ணுமே இல்லயே

பெரிய அத்தை: ஆமா கண்ணு, வேற எழுது. எல்லாரும் சொல்லுங்க அவன் எழுதட்டும்

பெரியப்பா: 1933ல பொறந்தவரு அப்பா. பாண்டி நம்ம நாட்டோட சேந்தப்போ, 1954 நவம்பர் 1, அவருக்கு 21 வயசு. அதுக்கு முன்னாடி எல்லையில சுங்கச் சோதனை இருக்குமாம், அப்பா பாண்டில அரியாங்குப்பத்துல கட்டிக்குடுத்த எங்க அத்தைக்கு ஒவ்வொரு சீசனுக்கும் கேரியர்ல பலாப்பழம் கட்டிக்கிட்டு பண்ருட்டிலேந்து சைக்கிள்லயே போவாரு, உள்ள எதாச்சும் ஒளிச்சு வெச்சிருக்கானான்னு கத்தியால குத்தி பாப்பாங்களாம், அத்தை வீடு போய் சேர்றதுக்குள்ள பால் வழிஞ்சு வேட்டி பூரா பிசுபிசுன்னு ஒட்டிக்குமாம். எங்க அத்தை எண்ணெ கிண்ணத்தோட வாசல்ல நிப்பாங்களாம். இத எத்தனையோ தடவ சொல்லியிருக்காரு, இன்னும் ஒரு தடவ கேக்க மாட்டோமான்னு இருக்கு

சின்ன அத்தை (பாண்டி): அண்ணே காலங்காத்தால அழ வெக்கறீங்க

அம்மா: சுனாமி அன்னிக்கு ஞாயித்துக்கெழம. மாமா கடைக்கு போனவரு, தேவனாம்பட்டினம் ஜனங்க ஈரத்துணியோட திருப்பாப்புலியூர் பக்கம் ஓடி வர்றத பாத்துட்டு அப்படியே திரும்பி வந்து அரிசி மூட்டைய அவுத்துட்டாரு. பெரிய அண்டா அடுப்புல ஏறுச்சு, என் கையில இருந்த கரண்டிய வாங்கி அவரே கிளறுனாரு. அப்ப வயசு 71. ரசஞ்சோறுதான், ஆனா வந்தவங்க யாரையும் வெறும் வயித்தோட விடல

நெய்வேலி மாமா: இப்பதான் பாக்கறேன், ஷிப்ட்ல இருந்தேன். 2024 எலக்சன்ல 85 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்கிக்கறோம்னு ஃபார்ம் குடுத்தாங்க இல்ல, மாமா அத வாங்கவே இல்ல. ஏப்ரல் வெயில்ல துண்ட தலைல போட்டுக்கிட்டு நடந்தே போனாரு, நான் ஆட்டோ கூட்டிட்டு வந்து நிக்கறேன், "மாப்ள நீங்க ஏறிக்குங்க, நான் முன்னாடி போறேன்"னுட்டாரு

அக்கா: 😭 விரல நீட்டி அவரு எடுத்துக்கிட்ட போட்டோ என்கிட்ட இருக்கு, அனுப்பறேன்

பெரிய அத்தை: தம்பி, நீ அந்த "தானே" புயல பத்தி சொல்லு. நீதான் அப்பா கூட போன

அப்பா: சொல்றேன் அக்கா. டைப் பண்ண நேரமாவும்

அப்பா: 2011 டிசம்பர் 30 விடிகாலைல அடிச்சுது. ரோடு பூரா மரம், பஸ் இல்ல, கரண்ட் இல்ல. அப்பா மறுநாளே சைக்கிள எடுத்துக்கிட்டு தோப்புக்கு கெளம்பிட்டாரு, நானும் பின்னாடியே போனேன், பண்ருட்டி போறதுக்குள்ள சைக்கிள ஓட்டுனத விட தோள்ல தூக்கிக்கிட்டு மரத்த தாண்டுனதுதான் ஜாஸ்தி. போய் பாத்தா முந்திரி ஒண்ணு நிக்கல. பலா எல்லாம் வேரோட புடுங்கிக்கிட்டு செம்மண்ணுல கெடக்கு, எங்க தாத்தா கையால வெச்ச பலா அது. அப்பா ஒரு வார்த்த பேசல. ஒவ்வொரு மரமா போயி குனிஞ்சு குனிஞ்சு பாத்தாரு, ஒரு வேராச்சும் மண்ண புடிச்சிருக்கான்னு

அப்பா: அதுக்குள்ள மர வியாபாரிங்க வந்து அடிமாட்டு விலைக்கு கேட்டாங்க. அக்கம்பக்கத்துல பாவம் எல்லாரும் குடுத்துட்டாங்க, வேற வழி இல்ல. அப்பா பலாவ மட்டும் குடுக்கல. அறுத்து பலகையா அடுக்கி காய வெச்சு நாலு புள்ளைங்களுக்கும் ஆளுக்கொரு கதவு செஞ்சு குடுத்தாரு

நெய்வேலி மாமா: எங்க பூஜை ரூம் கதவு அதுதான். இன்னும் மஞ்சளா மின்னுது

பெரிய அத்தை: அந்த கதவ தொறக்கும்போதெல்லாம் அப்பா ஞாபகம்தான்

அப்பா: அதுக்கப்புறம் விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்துக்கு போயி விஆர்ஐ 3ன்ற முந்திரி ரக ஒட்டுக்கன்னு கேட்டு வாங்கிட்டு வந்தாரு. கயித்துல முடிச்சு போட்டு 23 அடிக்கு ஒரு குழி, ஒன்றரை அடி ஆழம், பாதி குழி அவரே வெட்டுனாரு. வயசு 78. அம்மா கேட்டாங்க, "இந்த வயசுல யாருக்குங்க இதெல்லாம்"னு. எல்லாரும் பேரப்புள்ளைங்களுக்குன்னு சொல்லுவாரோன்னு பாத்தோம், "எனக்குத்தான், மூணாம் வருசம் காய்க்கும், நான் இருப்பேன்"னாரு

சின்ன அத்தை (பாண்டி): சொன்ன மாதிரியே இருந்தாரே அண்ணா. அதுக்கப்புறம் எத்தன காய்ப்பு பாத்துட்டாரு

தம்பி: எனக்கு அந்த லீவு நல்லா ஞாபகம் இருக்கு. பச்ச முந்திரி பால் பட்டா தோல் வெந்துடும்னு எங்க எல்லார் கைலயும் சாம்பல் தடவி விட்டுட்டுதான் கொட்டைய தொட விடுவாரு. பழத்த உப்பு தொட்டு தின்ன சொல்லுவாரு தொண்ட கரகரங்காம இருக்க. பருப்ப உடைச்சதும் மொதல்ல ஆயாவுக்கு, அப்புறம்தான் எங்களுக்கு

அக்கா: ஆயா போனப்புறமும் மொத பருப்ப ஆயா போட்டோ முன்னாடி வெப்பாரு

அம்மா: ஆமா

பெரியப்பா: தோப்ப பத்திதான் எழுதணும். வேற எதுவும் அவர முழுசா சொல்லாது. ஓட்டு, சுனாமி எல்லாம் நம்ம மனசுல இருக்கட்டும்

நான்: பெரியப்பா இப்படி போடலாமா? "1933 - 2025. புயலில் தோப்பு சாய்ந்தபின் 78 வயதில் மறுபடி கன்று நட்டு, காய்ப்பு கண்டவர்." கீழ புள்ளைங்க, மருமக்கள், பேரப்புள்ளைங்க

பெரியப்பா: இதுதான். இதுதான் எங்க அப்பா

நெய்வேலி மாமா: மச்சான் சொன்னா சரி. ஆமா சாப்பாடு எத்தன பேருக்கு சொல்றது, மாஸ்டர் கேக்கறாரு

அப்பா: தோப்பு ஆளுங்களையும் சேத்து 120 சொல்லுங்க மாமா. அவங்கள மொத பந்திலயே உக்கார வெக்கணும்

சின்ன அத்தை (பாண்டி): கண்ணு, எழுத்த பெருசா போட சொல்லு. ரோட்ல போறவங்க படிக்கணும்

நான்: சரி அத்தை, ப்ரூஃப் வந்ததும் இங்கயே போடறேன்