கேட்டுக் கேட்டே இறுகிப்போன இருதயத்துக்கு வழி என்ன?

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்)

அன்பான சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். 22 ஆண்டுகளாக எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் நடத்தி வருகிறேன். கடந்த ஞாயிறு எங்கள் ஆயர், லூக்கா சுவிசேஷம் 8-ஆம் அதிகாரத்திலிருந்து, வசனம் கேட்கிறவர்களை விதை விழும் நான்கு வகை நிலங்களுக்கு ஒப்பிடும் விதைக்கிறவனின் உவமையை எடுத்துப் பிரசங்கித்தார். அவர் தொடங்கும் முன்பே வழியருகு, கற்பாறை, முள், நல்ல நிலம் என்று நான்கும் என் மனத்தில் வரிசையாக வந்து நின்றுவிட்டன. அதற்குப் பிறகு அவர் எதை விட்டுவிட்டார், எந்த உதாரணம் எடுபடவில்லை என்பதை மட்டுமே கவனித்துக்கொண்டிருந்தேன். என் வேதாகமத்தில் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் 2006, 2011, 2018 என்று மூன்று முறை, மூன்று நிற மையில் குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். மூன்றும் பிள்ளைகளுக்குச் சொல்வதற்கானவை. எனக்கென்று ஒரு வரியும் இல்லை. பக்கத்து வரிசையில் இருந்த எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மூதாட்டியோ, “பொறுமையுடனே பலன்கொடுக்கிறவர்கள்” என்ற இடம் வந்தபோது சேலைத் தலைப்பால் கண்களைத் துடைத்துக்கொண்டார். வசனத்தை நான் நேசிக்கிறேன். ஆனால் அது எனக்குள் இறங்குவதில்லை. நான் எந்த நிலம்?

பதில் 1 (நெல்லிக்குப்பம்)

ஐயா, நான் கரும்பு விவசாயி என்பதால் எனக்குத் தெரிந்த நிலத்தை வைத்தே சொல்கிறேன். ஆண்டுக்கணக்காக ஒரே ஆழத்தில் உழுதுவந்தால் மேல்மண் பொலபொலவென்று இருக்கும். அதற்குக் கீழே, கலப்பையின் அடியும் டிராக்டரின் பாரமும் அழுத்தி அழுத்தி, மண் தட்டுப்போல் இறுகிவிடும். மேலிருந்து பார்ப்பவருக்கு அது நல்ல நிலம்தான். ஆனால் மழைநீர் கீழே இறங்காது. வேரும் அந்தத் தட்டில் முட்டியவுடன் பக்கவாட்டில் திரும்பிவிடும். தோண்டிப் பார்த்தபோது வேர்கள் பாய் விரித்தாற்போல் படுத்துக் கிடந்ததை என் வயலிலேயே கண்டேன். அதற்கு மேலும் ஒரு சால் உழுது பயனில்லை, உளிக்கலப்பையை விட்டு ஆழமாகக் கிழிக்க வேண்டும்.

“உங்கள் தரிசுநிலத்தைப் பண்படுத்துங்கள்” என்று ஓசியா தீர்க்கதரிசி சொன்னது கர்த்தரைக் கேள்விப்படாத ஜனத்துக்கு அல்ல. பண்டிகையும் பலியும் குறைவில்லாமல் நடத்திக்கொண்டிருந்த இஸ்ரவேலுக்கு. யாக்கோபும் தம் நிருபத்தில் வசனத்தைச் சாந்தமாய் ஏற்றுக்கொள்ளச் சொன்ன கையோடு, அடுத்த வசனத்திலேயே அதன்படி செய்யச் சொல்கிறார். ஆகவே தவறாக எண்ணாமல் பதில் சொல்லுங்கள்: தெரிந்தே கீழ்ப்படியாமல் ஒதுக்கி வைத்த வசனம் ஏதாவது உங்களுக்கு உண்டா? முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகு என்று சொல்லும் மத்தேயு 5:24 எனக்கு அப்படி இருந்தது. வரப்புத் தகராறில் என் அண்ணனோடு ஆறு ஆண்டுகள் பேசாமல் இருந்த காலம் முழுவதும் எந்தப் பிரசங்கமும் என்னை அசைக்கவில்லை. பிரசங்கிகளைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

பதில் 2 (புதுச்சேரி)

நான் கத்தோலிக்கப் பெண். இருதய ஆண்டவர் பசிலிக்காவில் திருப்பலிக்குச் செல்பவள். மேலே நெல்லிக்குப்பம் அண்ணன் எழுதியதை ஏற்கிறேன். ஆனாலும் நிலம் தன்னைத்தானே உழுதுகொள்வதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். திருத்தூதர் பவுல் பேசியபோது, கேட்டுக்கொண்டிருந்த லீதியா என்ற பெண்ணின் உள்ளத்தைத் திறந்தவர் ஆண்டவரே என்றுதான் திருத்தூதர் பணிகள் கூறுகிறது. கல்லான இதயத்தை எடுத்துவிட்டுச் சதையான இதயத்தைத் தருவேன் என்று எசேக்கியேலிடம் வாக்களித்தவரும் அவரே.

நீங்கள் பிரசங்கத்தை எடைபோட்டுக்கொண்டே கேட்பதாக எழுதியதைப் படித்தபோது எனக்குப் புனித அகுஸ்தினார் நினைவுக்கு வந்தார். சொல்லாட்சி ஆசிரியராக 384-இல் மிலான் நகருக்கு வந்த அவர், ஆயர் அம்புரோசின் மறையுரையைக் கேட்கப் போனது அவருடைய பேச்சுத்திறனை அளந்து பார்ப்பதற்காகத்தான். பொருளை அவர் பொருட்படுத்தவில்லை. ஆனால் சொற்களோடு சேர்ந்து பொருளும் தம்முள் நுழைந்துவிட்டது என்று பின்னர் அவரே எழுதினார். 387-இல் அதே அம்புரோசின் கையால் திருமுழுக்குப் பெற்றார். எனவே எடைபோடும் மனத்தோடு அமர்ந்திருந்தாலும் எழுந்து போய்விடாதீர்கள். “உங்கள் இதயத்தைக் கடினப்படுத்திக்கொள்ளாதீர்கள்” என்னும் 95-ஆம் திருப்பாடலைத் திருச்சபை தன் அன்றாட மன்றாட்டின் தொடக்கத்தில் வைத்திருப்பது, நேற்றுத் திறந்த இதயம் இன்றும் திறந்தே இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான் என்று நான் கருதுகிறேன்.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் நன்றி. அந்த மூதாட்டியிடம் போய்ப் பேசினேன். பண்ருட்டிக்கு அருகே அவருக்கு இருந்த முந்திரி மரங்கள் அத்தனையும் 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயலில் சாய்ந்துவிட்டனவாம். மறுபடியும் கன்று வைத்து, காய்க்கும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருந்ததாகவும், சபைக்கு வராத மகனுக்காக இப்போது அப்படித்தான் காத்திருப்பதாகவும் சொன்னார். நான் மூன்று நிறத்தில் குறிப்பெழுதிய சொல், பொறுமை, அவருக்கு அவ்வளவு கனமாக இருந்திருக்கிறது.

நெல்லிக்குப்பம் சகோதரர் கேட்டதற்குப் பதில்: உண்டு. மனப்பாட வசனம் சொல்லத் தெரியாத ஒரு சிறுவனை வகுப்பில் எல்லார் முன்னிலையிலும் கடுமையாகப் பேசினேன். அவன் அதற்குப் பிறகு வரவில்லை. மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அவனுடைய வீடு திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறது. வரும் சனிக்கிழமை மாலை அங்கே போகிறேன், எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.