பெயர் சொல்லக் கூசும் பாட்டுகள்

பனிமூட்டம் (ஹட்டன்) கேட்கிறார்:

பாடசாலையொன்றில் சங்கீதம் கற்பிக்கிறேன். பகலெல்லாம் மாயாமாளவகௌளையில் சரளி வரிசை சொல்லிக் கொடுத்துவிட்டு, மாலையில் பஸ்ஸில் ஏறியதும் நான் கேட்பவை, சிறுவயதில் ஹட்டன் – கண்டி தனியார் பஸ்களில் அலறிய குத்துப் பாட்டுகளும், பைலா என்னும் இலங்கைத் துள்ளாட்டப் பாட்டுகளும்தான். சென்ற வாரம் ஆசிரியர் அறையில் இயர்ஃபோன் கழன்று அவற்றில் ஒன்று எல்லோருக்கும் கேட்கும்படி ஒலித்துவிட்டது. மகன் போட்டு வைத்த பாட்டு என்று சொல்லிச் சமாளித்தேன். என் மகனுக்கு நான்கு வயது என்பது அங்கிருந்த அனைவருக்கும் தெரியும்.

எனக்குப் பிடித்திருப்பது பாட்டா, அல்லது அதைக் கேட்ட காலமா? இரண்டையும் பிரித்தறிய வழியுண்டா? பிடித்ததைப் பிடித்திருக்கிறது என்று சொல்ல ஏன் இவ்வளவு கூச்சம்?

இஸ்தோப்பு (மஸ்கெலியா):

மகள், உங்கள் கூச்சம் புதிதன்று. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், கணக்கப்பிள்ளை வீட்டில் மட்டும் வானொலி இருந்த காலத்தில், பற்றறி தேய்ந்தால் அதை வெயிலில் காய வைத்து மேலும் இரண்டு நாட்கள் ஓட்டுவார்கள். இலங்கை வானொலியின் வர்த்தக சேவையில் ஏ.ஈ. மனோகரனும் நித்தி கனகரத்தினமும் பாடிய பொப் பாடல்கள் வரும்போது, இஸ்தோப்பில் (முன்திண்ணையில்) நின்று கேட்கும் பிள்ளைகளை, “கூத்தாடிப் பாட்டு” என்று பெரியவர்கள் விரட்டியதுண்டு. இன்று அதே பாடல்களை ஈழத்துப் பொப்பிசைப் பாரம்பரியம் என்று மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துகிறார்கள். பாட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை, விரட்டியவர்களுக்குத்தான் வயதாகிவிட்டது. உங்கள் பஸ் பாட்டுகளுக்கும் பொன்னாடை வரும், சற்றுப் பொறுத்திருங்கள்.

மலையிறங்கியவன் (வெள்ளவத்தை):

பிரித்தறிய முடியுமா என்ற கேள்வியில் நான் சிறிது மாறுபடுகிறேன். ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர் இருவர், வெவ்வேறு ஆண்டுகளில் புகழ்பெற்ற பாடல்களைப் பல வயதினரிடம் ஒலிக்கச் செய்து, 1989இல் முடிவை வெளியிட்டார்கள். தங்களுக்கு ஏறத்தாழ 24 வயதாக இருந்தபோது வந்த பாடல்களையே கேட்டவர்கள் சராசரியாக மிகவும் விரும்பினார்கள். ஆகவே, நாம் நல்ல பாட்டு என்று தீர்ப்பளிக்கும் வேளையில் நமது வயதும் நீதிபதியின் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருக்கிறது.

ஏக்கத்தை நோயாக முதலில் எழுதியவரும் மலைநாட்டாரைப் பற்றியே எழுதினார். 1688இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த யோகான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், ஊர் திரும்புதல், வலி என்னும் இரு கிரேக்கச் சொற்களை ஒட்டி அந்நோய்க்கு ‘நொஸ்டால்ஜியா’ என்று பெயரிட்டார். அயல்நாட்டுப் படைகளில் சேர்ந்த சுவிஸ் வீரர்கள், மாடு மேய்ப்போரின் மலைப்பாட்டைக் கேட்டால் அழுது படையை விட்டே ஓடிவிடுவார்கள் என்பதால் அதை இசைப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாக்கப்பட்டது என்று ரூசோ பின்னர் எழுதினார். கொழும்பில் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், பக்கத்துத் தேநீர்க்கடையில் பழைய பஸ் பாட்டொன்று ஒலித்தபோது, நானும் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டுப் பதுளை ரயிலுக்குப் புறப்படலாமா என்று நினைத்தேன். பாட்டு மட்டமானதுதான். அதை இன்றும் சொல்வேன்.

கொழுந்துக்கூடை (தலவாக்கலை):

ஏக்கம் என்ற பெயரில் எல்லாவற்றையும் மன்னிக்க நான் தயாராக இல்லை. அந்தப் பஸ் பாட்டுகளில் சில பெண்களைப் பற்றிப் பேசும் முறையைப் பதினைந்து வயதில் கவனிக்காமல் தாளம் போட்டிருக்கிறேன். இன்று கவனித்த பிறகு போட முடியவில்லை. அது கூச்சமன்று, கருத்து மாற்றம்.

ஆனால் டீச்சர், நம் ஊரில் பெரிய கூச்சம் வேறொன்றின் மேல் இருந்தது. எங்கள் வீட்டில் யாரும் சினிமாப் பாட்டுக்கு வெட்கப்படவில்லை, தப்பு என்னும் பறைக்கு வெட்கப்பட்டார்கள். இழவு வீட்டிலும் மாசி மாதத்தில் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்திலும் அது இல்லாமல் ஒன்றும் நடக்காது, ஆனால் அடிப்பவரின் சாதியைச் சொல்லி அந்த ஓசையையே தாழ்த்தினார்கள். டவுனில் வீடு வாங்கிய என் மாமா, காமன் கூத்து நாளில் தோட்டத்துப் பக்கம் வருவதையே நிறுத்தினார். வந்தால் தோள் தானாக அசைந்துவிடும் என்று அத்தை சிரிப்பார். ஒருவருடைய ரசனை அவர் எந்த வகுப்பினர் என்பதைக் காட்டிக்கொடுக்கிறது என்று 1979இல் பிரெஞ்சு சமூகவியலாளர் பூர்தியூ விரிவாக எழுதினார்; மாமா அதைப் படிக்காமலே அறிந்திருந்தார். உங்கள் ஆசிரியர் அறையில் ஒலித்தது மேல்நாட்டு ராக் பாட்டாக இருந்திருந்தால் மகனைக் காட்டிக்கொடுத்திருப்பீர்களா?

பனிமூட்டம்:

கொழுந்துக்கூடை அக்கா, இல்லை. அதுதான் சுடுகிறது.

நேற்று ஏழாம் வகுப்பில் மும்மூன்றாக எண்ணும் திஸ்ர நடையை விளக்க வேண்டியிருந்தது. எப்போதும்போல் ‘தகிட தகிட’ என்று சொல்லிவிட்டு, பைலாவின் ஆறெட்டுத் தாளத்தையும் மேசையில் தட்டிக் காட்டினேன். ஒரு மாதமாகக் கை தட்டத் திணறிய கடைசி வரிசைப் பையன்கள் இரண்டே நிமிடத்தில் பிடித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவன் தப்படிப்பவரின் பேரன். அவன் தட்டிய இடைவெட்டு எனக்கு வரவில்லை, மறுபடி தட்டச் சொல்லிக் கற்றுக்கொண்டேன். ஆசிரியர் அறையில் மட்டும் அது இன்னும் மகனுடைய பாட்டாகவே இருக்கிறது.